ஸ்பாரிங்கில் சுழல் குதிகால் உதை

2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் நிறைவு நாளான ஆகஸ்ட் 29 அன்று, 80 கிலோவுக்கு மேற்பட்ட ஆடவர் டேக்வாண்டோ இறுதிப் போட்டியில் தென் கொரியாவின் மூன் டே-சுங்கும் கிரேக்கத்தின் அலெக்ஸாண்ட்ரோஸ் நிகோலாய்டிஸும் மோதினார்கள். சொந்த மண்ணில் ஆடிய நிகோலாய்டிஸின் பக்கமே அரங்கம் இருந்தது. அவர் முன்னேறி வந்த கணத்தில் மூன் முதுகைக் காட்டித் திரும்பினார், திரும்பிய வேகத்திலேயே குதிகால் தலையில் விழுந்தது, நிகோலாய்டிஸ் சாய்ந்தார், தங்கம் கொரியாவுக்குப் போனது. டேக்வாண்டோ கற்பவர்களில் இந்தக் காணொளியைப் பார்க்காதவர்கள் குறைவு. வெள்ளை பெல்ட் கட்டிச் சில வாரங்களே ஆன பிள்ளைகள்கூட, தண்ணீர் குடிக்க விடும் இடைவேளையில் கண்ணாடி முன் நின்று அந்த உதையைத்தான் சுற்றிப் பார்க்கிறார்கள்.

அவர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. அந்த உதைக்கு உரிய நேரத்தை மூன் தேடிக்கொள்ளவில்லை. முன்னேறி வந்ததன் மூலம் நிகோலாய்டிஸே அதைக் குறித்துக் கொடுத்துவிட்டார். பல ஆண்டுகள் ஸ்பாரிங் (இருவர் மோதிப் பழகும் பயிற்சிச் சண்டை) செய்தும், மற்றவர்கள் செய்வதைப் பயிற்சி விரிப்பான ‘மேட்’டின் ஓரத்தில் அமர்ந்து பார்த்தும் எனக்குள் உறுதிப்பட்டிருக்கும் எண்ணம் இதுதான்: சுழல் குதிகால் உதை பதிலாகக் கொடுக்க வேண்டிய உதை. தாக்குதலைத் தொடங்குவதற்கு அதைப் பயன்படுத்துகிறவர் பெரும்பாலும் காற்றைத்தான் உதைக்கிறார், அல்லது தன் முதுகை எதிராளியிடம் ஒப்படைத்துவிட்டு நிற்கிறார். காலை உயர்த்துவதும் இடுப்பைத் திருப்புவதும் பயிற்சியால் வந்துவிடும். எதிராளி எப்போது நமக்கு அந்தக் கணத்தைத் தருகிறார் என்று கண்டுகொள்வதற்குத்தான் காலம் பிடிக்கிறது.

முதலில் உதையின் உருவத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்காலின் விரலடிப் பகுதியில் சுழன்று, எதிராளிக்கு முதுகைக் காட்டி, பின்காலைச் சுற்றிக் கொண்டுவந்து குதிகாலால் பக்கவாட்டில் அடிப்பது இதன் பொதுவடிவம். கொரிய மொழியில் இதை ‘ட்வி ஹுரியோ சாகி’ என்பார்கள். கராத்தேக்காரர்கள் ‘உஷிரோ உரா மவாஷி கெரி’ என்பார்கள். நம் வகுப்புகளில் ‘ஸ்பின்னிங் ஹூக்’ என்றால்தான் எல்லாருக்கும் புரியும். இதில் இரண்டு வகைகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்றில், சுழலும்போது முழங்கால் மடிந்தே இருக்கும். முகம் எதிராளியின் பக்கம் வந்த பிறகுதான் கால் நீளும், நீண்ட வேகத்தில் முழங்கால் மறுபடி மடிந்து குதிகாலை உள்ளே இழுக்கும். மற்றதில், கால் தொடக்கத்திலிருந்தே நீட்டப்பட்டு ஒரு பெரிய வட்டத்தை வரைந்துகொண்டு வரும். நீட்டிய கால் பேரடியாக விழும் என்பது உண்மை. ஆனால் அது கிளம்புவது எல்லாருக்கும் தெரிந்துவிடும், பாதி வழியில் நிறுத்தவும் முடியாது. மடித்த காலோடு சுழல்பவர் விரைவாகச் சுழல்கிறார், கடைசி நொடியில் உதைக்காமல் விட்டுவிடவும் அவருக்கு வழி இருக்கிறது. ஸ்பாரிங்குக்கு மடித்த வகையையே நான் பரிந்துரைப்பேன்.

இனி கண்ணைப் பற்றி. சுழலத் தொடங்கியதும் எதிராளி நம் பார்வையிலிருந்து மறைகிறார். தலை உடம்போடு சேர்ந்தே திரும்பினால் இந்த மறைவு நீண்டுபோகும். தலை முந்திக்கொண்டு தோளுக்கு மேலாகத் திரும்பினால் அது மிகச் சுருங்கிவிடும். புதியவர்களில் பெரும்பாலோர் காலை முதலில் எறிந்துவிட்டு, கால் வந்து சேர்ந்த பிறகு எங்கே விழுந்தது என்று பார்க்கிறார்கள். எங்கள் மாஸ்டர் ஒரு மாணவனைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, பாதியில் கைதட்டி நிறுத்தி, “கால் கிடக்கட்டும் தம்பி, நான் இப்போ எத்தனை விரல் காட்டுறேன் சொல்லு” என்று கேட்பார். விரலைச் சரியாகச் சொல்லும்வரை உதைக்க அனுமதி கிடையாது. அந்தப் பையன் முதலில் எரிச்சலோடு, “சார், உதைச்சிட்டே எப்படி சார் பாக்கிறது?” என்றான். பார்த்த பிறகு உதைப்பதுதான் இதன் முறை என்பது அவனுக்குப் பிடிபட ஒரு மாதத்துக்கு மேலாயிற்று.

பிரேசிலில் சண்டையும் ஆட்டமும் கலந்த கலையான கப்போயிராவில் ‘மெயா லுவா டி கொம்பாசோ’ என்ற உதை ஒன்று உண்டு. அதுவும் குதிகாலைச் சுழற்றி அடிப்பதுதான். ஆனால் ஆடுபவர் குனிந்து கையைத் தரையில் ஊன்றி, தன் கால்களுக்கு இடையே எதிராளியைப் பார்த்துக்கொண்டே சுழல்கிறார். தலை தாழ்ந்திருப்பதால் எதிரடியிலிருந்தும் தப்புகிறது. டேக்வாண்டோவும் கராத்தேயும் நிமிர்ந்த உடம்போடு செய்வதை அவர்கள் கவிழ்ந்த உடம்போடு செய்கிறார்கள். எதிராளியைப் பார்வையில் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இரு சாராருக்கும் ஒன்றே. கப்போயிரா தெரிந்த ஒருவரோடு மெதுவாக ஆடிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். சுழற்சியைப் பற்றிய நம் எண்ணங்கள் சில அங்கே கலைந்துபோகும்.

உதை எந்தப் பக்கத்திலிருந்து வந்து சேருகிறது என்பதைக் காகிதத்தில் வரைந்தாவது புரிந்துகொள்ள வேண்டும். இருவரும் இடக்காலை முன்வைத்து நிற்கிறார்கள் என்று கொள்வோம். நான் வலப்பக்கமாகச் சுழன்று வலக்காலை வீசினால், குதிகால் என் இடப்புறத்திலிருந்து வலப்புறமாகப் போகும். எதிராளிக்கு அது வலக் கன்னத்தில் வந்து சேரும். இடத்தோளை முன்வைத்து நிற்கும் அவருக்கு நெஞ்சும் முகமும் திறந்திருப்பது அந்தப் பக்கம்தான். அவர் வலக்காலை முன்வைத்து நிற்பவராக இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது. அதே உதை இப்போது அவருடைய முன்தோளை முதலில் சந்திக்கும். தோளைத் தாண்டினாலோ பிடரியில் போய் விழும். பிடரி, பயிற்சியில் யாருக்கும் அடிபடக் கூடாத இடம். ஆகவே எதிரெதிர்க் கால் முன்வைத்து நிற்கும்போது நான் இந்த உதையைப் பயன்படுத்துவதில்லை. அந்த நிலையில் நேராகப் பின்னோக்கிச் செல்லும் பின்னுதையே எளியது, பாதுகாப்பானதும்கூட.

ஒரே கால் முன்வைத்த நிலையில் நமக்கு வாய்க்கும் மிக நல்ல தருணம், எதிராளி தன் வலக்காலால் ரவுண்ட் கிக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் உதை, அடிக்கும் நேரம். அவருடைய கால் என் இடப்புறத்திலிருந்து வலப்புறமாக வருகிறது. நானும் அதே திசையில்தான் சுழலப் போகிறேன். உதையை எதிர்த்து நிற்காமல் அதனோடு சேர்ந்து திரும்புவதால், அது என்னைத் தொட்டாலும் வலு குறைந்தே தொடும். இன்னொரு நன்மை அவருடைய கையில் இருக்கிறது. வலக்காலை வீசும்போது சமநிலைக்காக வலக்கையைக் கீழே வீசுவது பலருடைய பழக்கம். நன்கு தேர்ந்த கறுப்பு பெல்ட்காரர்கள்கூட மூன்றாவது ரவுண்டில் களைத்த பிறகு அப்படிச் செய்வார்கள். குதிகால் போய்ச் சேர வேண்டிய கன்னத்தைக் காக்கும் கை, அந்த நேரத்தில் தொடைப் பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும்.

எதிராளி வராமல் நின்றுகொண்டே இருந்தால் அவரை வரவழைக்கலாம், அல்லது அவருடைய கையைக் கீழிறக்கலாம். இடக்காலால் அவருடைய வல விலாவில் ரவுண்ட் கிக் ஒன்று வைத்தால், அடுத்த முறை அந்தக் கால் எழுந்ததுமே அவருடைய வல முழங்கை விலாவைக் காக்க இறங்கும். அப்போது இடக்காலைச் சற்றுக் குறுக்காகத் தரையில் ஊன்றி, அதே சுழற்சியைத் தொடர்ந்து வலக் குதிகாலைக் கொண்டுவரலாம். இரண்டு உதைகளும் ஒரே திசையில் சுழல்வதால் வேகம் வீணாவதில்லை. கிக்பாக்ஸிங்கில் இடக்கை ஜாபை (முன்கையால் நேராக விடும் குத்தை) தொடர்ந்து சுழல்வதற்கும் இதே காரணம்தான்: ஜாப் அடிக்கும்போதே இடத்தோள் சுழற்சியைத் தொடங்கிவைத்துவிடுகிறது, முகத்துக்கு நேரே வந்த கையுறை எதிராளியின் பார்வையையும் ஒரு கணம் மறைக்கிறது.

தூரம் தவறினால் இவை எதுவும் பயன்தராது. கதவைச் சாத்தும்போது கீலருகே இருப்பவருக்கு அது லேசாகத்தான் படும், தாழ்ப்பாள் பக்கம் இருப்பவருக்கு முழு வேகத்தில் படும். உதையிலும் இடுப்புதான் கீல். எதிராளி நெருங்கி வந்துவிட்டால் என் தொடையோ கெண்டைச் சதையோதான் அவர் மீது படும், ஒற்றைக் காலில் நிற்கும் என்னைத் தள்ளிவிடுவது அவருக்கு எளிதாகிவிடும். உலக டேக்வாண்டோ விதிகளின்படி கீழே விழுந்தால் ‘காம்-ஜியோம்’ தண்டனை. எதிராளிக்கு ஒரு புள்ளி போகும். மல்யுத்தம் கலந்த போட்டிகளில் நிலைமை இன்னும் மோசம்: முதுகைப் பிடித்துக்கொண்டு தரைக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

அப்படியிருந்தும் குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கலப்புப் போட்டிகளில் இந்த உதை வெற்றி தந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 2012 ஜனவரி 14 அன்று ரியோ டி ஜெனிரோவில், அத்தகைய போட்டிகளை நடத்தும் யுஎஃப்சி அமைப்பின் 142ஆம் நிகழ்வில் எட்சன் பார்போசா மூன்றாவது ரவுண்டில் டெர்ரி எட்டிமை இந்த உதையால்தான் வீழ்த்தினார். அந்த அமைப்பின் வரலாற்றில் இத்தகைய உதையால் விளைந்த முதல் நாக்அவுட் அது. ஆட்டம் முழுவதையும் பார்த்தால், அதற்கு முன் பார்போசா எட்டிமின் காலைக் கீழ் உதைகளால் எவ்வளவு சோதித்தார் என்பது தெரியும். கீழே வலித்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு மேலே கவனம் இருக்காது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் இரண்டு நிகழ்வுகள்: 18ஆம் தேதி விட்டோர் பெல்ஃபோர்ட் லூக் ராக்ஹோல்டை முதல் ரவுண்டிலேயே சாய்த்தார், 25ஆம் தேதி லாஸ் வேகாஸில் ஜூனியர் டோஸ் சாண்டோஸ், எத்தனை அடி வாங்கினாலும் அசையாதவர் என்று பெயரெடுத்த மார்க் ஹன்ட்டை மூன்றாவது ரவுண்டில் சாய்த்தார். டோஸ் சாண்டோஸ் குத்துகளுக்குப் பெயர்போன ஹெவிவெயிட் வீரர். ஹன்ட் அவருடைய கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்பது என் ஊகம்.

டேக்வாண்டோவுக்குள் இந்த உதையின் நிலை இப்போது சற்று விசித்திரமாக இருக்கிறது. கைக்குத்துக்கு 1, மார்புக் கவசத்தில் உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3, சுழன்று மார்பில் உதைத்தால் 4, சுழன்று தலையில் உதைத்தால் 5 என்று புள்ளிகளை வகுத்திருக்கிறார்கள். கவசத்தில் இருக்கும் சென்சார் தொடுதலை அறியும். சுழன்றதா இல்லையா என்பதை மூலையில் அமர்ந்திருக்கும் நடுவர்கள்தான் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐந்து புள்ளி என்பது பெரிய ஆசைதான். ஆனால் 2012 லண்டனில் மின்னணு மார்புக் கவசமும் 2016 ரியோவில் மின்னணுத் தலைக்கவசமும் ஒலிம்பிக்குக்கு வந்த பிறகு, முன்காலைத் தூக்கிவைத்துக்கொண்டு வாள்சண்டைபோல் தொட்டுத் தொட்டுப் புள்ளி எடுக்கும் ஆட்டம் பெருகியது. தூக்கிய கால் இடையில் நிற்கும்போது சுழல்வதற்கு இடம் இருப்பதில்லை. முழு வலுவோடு அடித்தால்தான் புள்ளி என்றிருந்த காலத்தின் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த மாற்றம் உவப்பாக இல்லை. இளையவர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

கராத்தேயில், உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி, தலைக்கு உதைத்தால் 3 புள்ளிகள். சுழன்றாலும் அதே 3 தான். கூடுதல் பரிசு இல்லாத இடத்தில் முதுகைக் காட்ட யாருக்கும் அவசியம் இல்லை. ஆகவே அங்கே சுழலாமல் முன்காலாலேயே குதிகாலைக் கொக்கிபோல் வளைத்து வைக்கும் உதைதான் அதிகம். அங்கே கட்டுப்பாட்டின் விலையும் பெரியது. 2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் 4-1 என்று முன்னணியில் இருந்த சவூதி அரேபியாவின் தாரெக் ஹமேதி, தலைக்கு விட்ட ஓர் உதையால் ஈரானின் சஜாத் கஞ்ச்சாதே நினைவிழந்து விழ, கட்டுப்பாடற்ற தாக்குதல் என்று தகுதியிழந்தார். தங்கம் கஞ்ச்சாதேவுக்குப் போனது. அது சுழல் உதையன்று. எதிராளியைப் பார்த்துக்கொண்டே விடும் உதையிலேயே இப்படி நேருமானால், பாதி நேரம் பார்வையில்லாமல் வரும் உதைக்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்?

ஸ்பாரிங்கில் இதைப் பற்றி நான் கொஞ்சம் கறாராகவே இருக்கிறேன். ரவுண்ட் கிக்கில் புறங்கால் படுகிறது. அதற்குக் காப்பு இருக்கிறது. நாம் சாதாரணமாக வாங்கும் கால் காப்புகளில் புறங்கால்தான் மூடப்பட்டிருக்கும், குதிகால் எலும்பு வெறுமையாகவே இருக்கும். தலைக்கவசம் அணிந்திருக்கிறாரே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். தலைக்கவசம் வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். தலை சடக்கென்று திரும்புவதால் மூளைக்கு ஏற்படும் அதிர்ச்சியை அது தடுத்துவிடும் என்று நம்ப முடியாது. குதிகாலால் பக்கவாட்டில் விழும் அடி தலையைத் திருப்பும் அடியேதான். ஆண்கள் குத்துச்சண்டையில் 2016 ஒலிம்பிக்கில் தலைக்கவசத்தையே கழற்றிவிட்டார்கள். அதன் நன்மை தீமை பற்றிய வாதம் தனி.

எனவே எங்கள் வகுப்பில் வழங்கும் நடைமுறை இது. தலையைத் திருப்பி எதிராளியைப் பார்த்த பிறகே முழங்காலை நீட்டலாம். பார்க்க முடியாவிட்டால் சுழற்சியை முடித்துக் காலைக் கீழே வைத்துவிட வேண்டும். உதை போய்ச் சேரும்போது கணுக்காலை நீட்டி, குதிகாலுக்குப் பதிலாக உள்ளங்கால் படும்படி வைக்க வேண்டும்; சரியாக வைத்தால் தலைக்கவசத்தில் ‘பட்’டென்று சத்தம் கேட்கும், வாங்கியவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். அந்த அளவுக்குக் கை... இல்லை, கால் பழகாதவர்கள் தலைக்கு விடக் கூடாது. தோளுயரத்தில் விட வேண்டும். தன்னைவிடக் குள்ளமானவர், பிள்ளைகள், அன்று முதல் முறையாக ஸ்பாரிங் செய்பவர், களைத்துக் கையைத் தொங்கவிட்டவர் ஆகியோரிடம் இந்த உதையே கிடையாது. வயதில் மூத்த அண்ணன் ஒருவர், கண்ணாடி அணிபவர், ஸ்பாரிங்கில் அதைக் கழற்றிவிட்டு வருவார். அவரிடமும் நான் சுழல்வதில்லை. வருவது அவருக்குத் தெரியவே தெரியாது.

உதைப்பவருக்கும் ஆபத்து உண்டு, முக்கியமாக ஊன்றிய காலின் முழங்காலுக்கு. வியர்வை படிந்த ஃபோம் மேட் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்ப, பாதம் திரும்பாமல் நிற்க, இடையில் இருக்கும் முழங்கால் முறுக்கை வாங்கிக்கொள்ளும். சவ்வு கிழிவதற்கு அது போதும். குதிகாலைத் தரையிலிருந்து தூக்கி விரலடியில் சுழல வேண்டும் என்று சொல்வது அழகுக்காக அன்று. மேட் ஈரமாகியிருந்தால் துணியை எடுத்துத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். பின்தொடையையும் நன்றாகச் சூடேற்ற வேண்டும், ஏனென்றால் நீண்ட காலைச் சடாரென்று மடக்கி இழுப்பது அந்தத் தசைதான்.

முழங்காலில் ஏற்கெனவே சிக்கல் உள்ளவர்கள் சுழற்சியை விட்டுவிட்டுக் கொக்கி உதையை மட்டும் பழகலாம். ஜூடோவில் வல முழங்கால் காயப்பட்டதால் இடக்காலை மட்டுமே வைத்து உதைத்த அமெரிக்கர் பில் வாலஸ், ‘சூப்பர்ஃபுட்’ என்ற பட்டப்பெயரோடு 1974 முதல் 1980 வரை முழு வலுவோடு அடிக்க அனுமதிக்கும் ‘முழுத்தொடு’ கராத்தேயில் மிடில்வெயிட் சாம்பியனாக, தோல்வியே காணாமல் இருந்தார். பக்க உதை, ரவுண்ட் கிக், கொக்கி உதை மூன்றையும் ஒரே மடிப்பிலிருந்து அவர் கிளப்புவார். முழங்கால் எழும்போது வரப்போவது எது என்று எதிராளிக்குத் தெரியாது.

கடைசியாக, இந்த உதையை வாங்கும் இடத்தில் நிற்பவருக்கு. எதிராளியின் முன்பாதம் குறுக்காக வைக்கப்படுவதும், அவருடைய பின்தோள் மறைந்து முதுகு தெரிவதும் எச்சரிக்கைகள். அரை அடி பின்வாங்குவதுதான் மிக மோசமான முடிவு. குதிகால் முழு வேகத்தில் வரும் வட்டத்தின் மேல் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவது அதுவே. முழுதாகப் பின்வாங்கி உதையைப் போகவிட்டு அவர் கால் ஊன்றும் முன் திரும்பி வரலாம், அல்லது ஒரே அடியில் உள்ளே நுழைந்து அவருடைய இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கையை வைத்துவிடலாம். இரண்டாவதை நாங்கள் இருவர் இருவராகப் பயில்கிறோம்: ஒருவர் மெதுவாகச் சுழல்வார், மற்றவர் வலக்கையைக் கன்னத்தோடு ஒட்டி உள்ளே வந்து, தள்ளாமல் தொட்டு மட்டும் நிற்பார். சுழன்றவரின் கால் நீளவே இடமிருக்காது. மாணவர்கள் இதை முதலில் பழகிய பிறகே, சுழன்று உதைப்பதைக் கிக் பேடில் (உதைத்துப் பழகும் மெத்தைப் பட்டையில்) தொடங்குகிறார்கள்.